கடைசியாக எப்போது குடித்தீர்கள்?

மது குறித்துப் பேச நம்மிடம் முழக்கங்களுக்குப் பஞ்சமில்லை. டாஸ்மாக்கை மூடு என்கிறோம். சாராய வருமானத்தில் ஆட்சி நடத்தாதே என்கிறோம். கள்ளச்சாராயச் சாவு நடந்தால் கண்டன அறிக்கை எழுதுகிறோம், உண்மை அறியும் குழுவாகப் போய் வருகிறோம். இவை எல்லாம் தேவைதான். ஆனால் நம் தெருவில் ஒருவர் செவ்வாய்க்கிழமை இரவோடு குடியை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை காலை அவருக்குக் கை நடுங்கும். வெள்ளிக்கிழமை அவர் உயிரோடு இருப்பாரா என்பதே கேள்வியாகலாம். அந்த மூன்று நாட்களில் அவரிடம் சொல்வதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? ‘விட்டுட்டீங்களா, ரொம்ப சந்தோஷம் தோழர், உறுதியா இருங்க’ என்பதைத் தவிர எதுவும் இல்லை.

குடிக்கு எதிராக நிற்பது வேறு, குடியை விடுகிறவரோடு நிற்பது வேறு. முதலாவதை நாம் நூறாண்டாகச் செய்துவருகிறோம். இரண்டாவதைச் செய்யாததால் நாம் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கூடப் பார்த்ததில்லை.

என் சித்தப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

அவர் கரும்பு வெட்டும் தொழிலாளி. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சீசன் முழுக்க ஊர் ஊராகப் போய் வெட்டுவார். இருபது வருடமாகத் தினமும் குடித்தவர். நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சமயம், அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ‘பொண்ணோட அப்பா குடிப்பாராமே’ என்று கேட்டுவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பா மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். ஒரு மண்டலம் தொடமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்.

சனிக்கிழமை காலை அவரால் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. அன்று இரவு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, சுவர் முழுக்க எறும்பு போகிறது, தட்டிவிடு என்று சித்தியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இறந்துபோன ஆயாவிடம் பேசினார். கயிறு கட்டிய வீட்டில் ஏதோ சாமி குத்தம் என்றார்கள். பூசாரி வந்து மந்திரித்துத் திருநீறு பூசினார். திங்கட்கிழமை உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை விடியற்காலை பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது.

சித்தப்பா சத்தியத்தை மீறவில்லை. மீறியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார். ஊரில் இன்றைக்கும் ‘குடிச்சே செத்தான்’ என்றுதான் சொல்கிறார்கள். அவர் செத்தது குடிக்காமல் இருந்த நான்காவது நாள். சித்தி ஒருமுறை என்னிடம் சொன்னார்: “குடிச்சிக்கினு இருந்தப்ப உசுரோட இருந்தாரு தம்பி. நிறுத்துனதும் போய்ட்டாரு. இத யாருகிட்ட போயி சொல்றது?”

உடம்பில் நடப்பது என்ன?

சித்திக்கு அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். இதில் மர்மம் எதுவும் இல்லை. மருத்துவப் பாடப்புத்தகங்களில் பல காலமாக இருக்கிற விஷயம்தான்.

மது மூளையை மந்தப்படுத்துகிற பொருள். மூளையில் அமைதிப்படுத்தும் வேலையைச் செய்கிற காபா என்ற வேதிப்பொருளின் விளைவை அது கூட்டுகிறது. தூண்டிவிடுகிற குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடிக்கிறவரின் மூளை இதைச் சமாளிக்கத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை அழுத்தியே வைத்துக்கொள்கிறது. மது உள்ளே வரும்வரை இரண்டும் சமநிலையில் ஓடும். திடீரென்று மதுவை நிறுத்தினால் ஆக்சிலேட்டர் மட்டும் மிஞ்சும்.

கடைசியாகக் குடித்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். பலருக்கு இதோடு மெல்லக் குறைந்துவிடும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மிக ஆபத்தான கட்டம் வரும். ஆளும் இடமும் நேரமும் தெரியாது, காய்ச்சல் ஏறும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும், பூச்சிகள் ஊர்வதாகத் தோன்றும். டெலிரியம் டிரெமென்ஸ் என்று பெயர். சிகிச்சை இல்லையென்றால் உயிரைக் குடிக்கும். சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சிகிச்சைக்குக் கோடிகள் தேவையில்லை. டயாசெபாம், லோராசெபாம், குளோர்டயாசெபாக்சைடு போன்ற மாத்திரைகளை மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி. நீண்டகாலம் குடித்தவர்களின் உடலில் தயமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்குக் கடும் பாதிப்பு ஏற்படலாம். ‘ஒரு பாட்டில் ஏத்துனா தெம்பா ஆயிடுவான்’ என்ற நம் ஊர் வைத்தியம் எங்கே இடறுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்துவது, மறுபடி குடிப்பது, மறுபடி நிறுத்துவது என்று பலமுறை ஆகும்போது, ஒவ்வொரு முறையும் இந்த அவதி முன்பைவிடக் கடுமையாகலாம். ‘போன தடவை நான் தானாவே நிறுத்துனேனே, ஒண்ணும் ஆகலியே’ என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

ஆகவே தினமும் குடிக்கிறவர், அதிலும் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், முன்பு வலிப்பு வந்தவர், தனியாக, திடீரென்று நிறுத்தக் கூடாது. குடித்துக்கொண்டே இருங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள் என்றுதான் அர்த்தம். நிறுத்தியவருக்கு வலிப்பு, குழப்பம், காய்ச்சல், பிரமை இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். பூசாரிக்கு அங்கே வேலை இல்லை.

2020 பொதுமுடக்கம்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் வந்தபோது மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்திருக்க முடியும். கேரளத்தில் குடிக்க முடியாத தவிப்பில் தற்கொலைகள் நடந்தன. மருத்துவர் சீட்டோடு மது வழங்கலாம் என்று அந்த அரசு உத்தரவிட, மருத்துவர்கள் எதிர்க்க, ஏப்ரல் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மீனவர்கள் சவர லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து இறந்துபோனார்கள்.

அப்போது சமூக வலைத்தளங்களில் நாம் என்ன எழுதினோம் என்று நினைவிருக்கிறதா? ‘இவ்வளவு கேவலமா’ என்று சிரித்தோம். மே 7 அன்று கடைகள் திறந்து, ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்றபோது, வரிசையில் நின்றவர்களின் படங்களைப் பகிர்ந்து தலையில் அடித்துக்கொண்டோம். அந்த வரிசையில் நின்றவர்களில் பலர் உல்லாசத்துக்காக நிற்கவில்லை, உடல் நடுக்கத்தை நிறுத்த நின்றார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை. அந்த நாற்பது நாட்களில் அரசு செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரையும் தயமினும் வைத்துக்கொண்டு, நடுக்கம் வந்தால் இங்கே வாருங்கள் என்று அறிவிப்பது. நாமும் அதைக் கேட்கவில்லை.

மதுவைப் பற்றிய தமிழக விவாதமே கடையைப் பற்றிய விவாதம்தான். 1937இல் ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1971இல் கருணாநிதி அரசு தளர்த்தியது. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் டாஸ்மாக் வந்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. 2024-25இல் மது வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். கடை திறந்ததற்கும் மூடியதற்கும் தேதி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. நிறுத்தியவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

‘மனசு வச்சா முடியும்’

‘மனசு வச்சா விட்டுடலாம்’ என்பதைப் போல எளிதாகச் சொல்லப்படுகிற பொய் வேறில்லை. சர்க்கரை நோயாளியிடம் மனசு வைத்து இன்சுலின் சுரக்கச் சொல்வதில்லை. குடிநோயாளியிடம் மட்டும் சொல்கிறோம். ஏனென்றால் அதை நோயாகப் பார்க்கவில்லை, குணமாகப் பார்க்கிறோம். குணம் என்று வந்துவிட்டால் இந்த நாட்டில் அடுத்த வார்த்தை சாதிதான்.

கிளப்பில் குடிப்பவர் ‘சோஷியல் டிரிங்கர்’. காலனியில் குடிப்பவர் ‘அவனுங்களே அப்படித்தான்’. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது, செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் தினக்கூலிகளும். ‘குடிச்சிட்டு செத்தவனுக்குப் பத்து லட்சமா’ என்று கேட்ட குரலில் வரிப்பணத்தைப் பற்றிய கவலையைவிடச் சாதிதான் அதிகமாகக் கேட்டது.

குடிக்கும் சாதிக்குமான உறவை நாம் வேறு இடத்தில் தேட வேண்டும். சாவுக்குப் பறையடித்தவனுக்குக் கூலியில் ஒரு பகுதியைச் சாராயமாகக் கொடுத்தது யார்? மலக்குழிக்குள் இறங்குகிறவர் ‘குடிக்காம இந்த நாத்தத்துல இறங்க முடியாதுங்க’ என்று சொல்லும்போது, அவரை அந்தக் குழியருகே நிறுத்தியது எது? கூலி, கடன், அவமானம், உடல்வலி எல்லாவற்றுக்கும் மலிவாகக் கிடைக்கிற ஒரே மருந்தாக மதுவைக் கொடுத்துவிட்டு, அந்த மருந்தே நோயானபோது அதை அவரது பிறவிக் குணமாக்கிவிடுகிறது சாதிச் சமூகம்.

நிறுத்துவதிலும் இதே ஏற்றத்தாழ்வுதான். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெறுபவர் 180 பேரில் ஒருவர். தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. கூட ஆள் வேண்டும் என்பார்கள். கூட இருக்கும் மனைவிக்கும் கூலி போகும்.

அந்த இடைவெளியில்தான் வேறு பலர் கடை விரிக்கிறார்கள். ‘அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தும் பொடி’ என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும். அப்படிச் சாம்பாரில் கலந்து கொடுக்கப்படுவது டைசல்ஃபிரம் மாத்திரையாக இருந்தால், தெரியாமல் அதன்மேல் குடிக்கிறவருக்கு ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். பதிவு இல்லாத ‘மறுவாழ்வு மையங்கள்’ நடு இரவில் வேனில் வந்து ஆளைத் தூக்கிப் போகின்றன. அடியும் பட்டினியும்தான் அங்கே சிகிச்சை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது, சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நம் அமைப்புகள் எத்தனை மையங்களின் வாசலுக்குப் போயிருக்கின்றன?

நம் கூட்டங்களுக்குப் பிறகு

இதை எழுதும் நானும் குடியை விட்டவன்தான். விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. இதைச் சொல்லாமலே இந்தக் கட்டுரையை எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். சொல்லாமல் இருப்பதுதான் பிரச்சினையே என்பதால் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த புதிதில், குடிப்பதில் ஒரு கலகம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. புனிதம், தீட்டு என்று பேசுகிறவர்களின் முகத்தில் அறைவதாக நினைத்துக்கொண்டோம். மாட்டுக்கறியையும் மதுவையும் ஒரே தட்டில் வைத்தோம். மாட்டுக்கறி நம் உணவு, நம் உரிமை. மது அப்படியல்ல என்று யாராவது சொன்னால், அவரைப் பார்ப்பனிய ஒழுக்கவாதி என்று கிண்டல் செய்தோம். கூட்டம் முடிந்தால் குடி. தோழர் ஊரிலிருந்து வந்தால் குடி. தீர்ப்பு நமக்கு எதிராக வந்தால் குடி. உதவித்தொகை ஏழு மாதம் நின்றபோது கடன் வாங்கிக் குடி. ஒருகட்டத்தில் காலை எட்டு மணிக்கு என் கை நடுங்கியது. கடை திறக்கப் பன்னிரண்டு மணி ஆகும் என்பதால் பிளாக்கில் வாங்க ஆள் தேடினேன். அந்தச் சந்தில் எனக்கு முன்னால் துப்புரவுத் தொழிலாளர் ஒருவர் நின்றிருந்தார். இருவர் கையும் ஒரே மாதிரி நடுங்கியது.

விடுதித் தோழர் ஒருவர்தான் என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அதுவரை எல்லோரும் என்னிடம் கேட்டது ‘ஏன் குடிக்கிற?’ என்பதுதான். அன்று பணியில் இருந்த இளம் மருத்துவர் அதைக் கேட்கவில்லை. “கடைசியா எப்ப குடிச்சீங்க? எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். முன்பு வலிப்பு வந்ததுண்டா, தினமும் எவ்வளவு என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் என் குடியைப் பற்றி, அவமானப்படாமல் நான் பதில் சொன்ன முதல் கேள்வி அது.

ஆறு நாட்கள் வார்டில் இருந்தேன். தோழர் ஆறு இரவும் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். அவர் எனக்கு ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு இல்லாமல் போனது அந்தப் பாயும் அந்தக் கேள்வியும்தான்.

நடுக்கம் நின்ற பிறகு

ஒரு வாரத்தில் உடல் ஆபத்திலிருந்து மீண்டுவிடும். அத்தோடு முடிந்தது என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது.

தூக்கம் வாரக்கணக்கில் சரியாக வராது. வந்தால் குடிப்பதுபோலக் கனவு வரும், விழித்தெழுந்தால் குற்றவுணர்வு இருக்கும். இனிப்புக்கு நாக்கு அலையும். காரணமில்லாமல் அழுகை வரும், அற்ப விஷயத்துக்குக் கோபம் வரும். இத்தனை வருடம் குடியால் மூடி வைத்திருந்த அவமானங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து உட்காரும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்றே தெரியாது.

குடிக்க வேண்டும் என்ற வேட்கை அலைபோல எழும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அது ஏறிக்கொண்டே போகாது என்று தெரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்தானது. பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் அதைக் கிளப்பிவிடும். அதனால் மாலை ஐந்து மணிக்கே வயிறாரச் சாப்பிடுவது, கூலி வாங்கும் நாளில் பணத்தை வேறொருவர் கையில் கொடுத்து வைப்பது, கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போவது, தவிப்பு வந்தால் உடனே ஒருவருக்கு போன் போடுவது என்று சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் ஒரு நாளைக் கடத்த உதவும். நால்ட்ரெக்சோன், அக்கம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் வேட்கையைக் குறைக்கப் பயன்படுகின்றன. யாருக்கு எது ஒத்துவரும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் பல ஊர்களில் நடக்கின்றன. கட்டணம் இல்லை. அங்கே ‘மேலான சக்தி’ என்று பேசுவது பகுத்தறிவு பேசும் நமக்கு இடறும். எனக்கும் இடறியது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது, ஒருவர் தன் கதையைச் சொல்ல மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். நம் அமைப்புக் கூட்டங்களில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மீண்டும் குடித்துவிடுவதும் இந்தப் பாதையில் அடிக்கடி நடப்பதுதான். பதினோரு மாதத்துக்கு முன்பு நான் இரண்டு முறை அப்படி வழுக்கியிருக்கிறேன். வழுக்கியவர் நம்மைப் பார்த்து ஒளிந்துகொள்ளும்படி நாம் நடந்துகொண்டால், அவர் அடுத்து போகக்கூடிய ஒரே இடம் கடைதான்.

வீட்டுப் பெண்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். குடித்த காலத்தில் அடி வாங்கியவர்களும் அவர்கள்தான், நிறுத்திய காலத்தில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களும் அவர்கள்தான். நோய் என்பதால் அடித்தது சரியாகிவிடாது. ‘இப்பதான் விட்டுட்டாரே, மன்னிச்சிடு’ என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. விட்டுப் போக நினைக்கிற பெண் போகலாம். பராமரிக்கிற வேலையை மனைவி தலையில் மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற ஆண்கள்தான் இந்த இடத்தில் எழுந்து வர வேண்டும்.

நம் மரபில் இருக்கிறது

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் தன்னோடு பௌத்தம் ஏற்ற லட்சக்கணக்கான மக்களுக்கு வழங்கிய 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அதைச் சாதி இந்துக்களின் சுத்தத்தோடு குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. பௌத்தத்தின் ஐந்தாவது சீலம் மதுவைத் தீட்டு என்று சொல்லி விலக்கவில்லை. விழிப்பை இழக்கச் செய்கிறது என்பதற்காக விலக்குகிறது. தவிர, சீலங்கள் கடவுள் இட்ட கட்டளைகள் அல்ல, ஒருவர் தானே ஏற்றுக்கொள்கிற பயிற்சிகள். கட்டளையை மீறினால் பாவி. பயிற்சியில் தவறினால் நாளை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கயிறு கட்டிய சித்தப்பாவுக்கு இந்த இரண்டாவது வழி தெரிந்திருந்தால், நடுக்கம் வந்த சனிக்கிழமை காலையிலேயே அவர் யாரிடமாவது சொல்லியிருப்பார்.

இன்னொரு முன்னோடியும் உண்டு. பிளாக் பாந்தர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர்களைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் எழுந்ததைப் பேசுகிறோம். 1970 நவம்பரில் நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸ் பகுதியில் நடந்ததை அதிகம் பேசுவதில்லை. ஹெராயின் அந்தக் கறுப்பின, போர்ட்டோ ரிக்கப் பகுதியைச் சூறையாடிக்கொண்டிருந்தது. யங் லார்ட்ஸ் அமைப்பினரும் மற்றப் போராளிகளும் அங்கிருந்த லிங்கன் மருத்துவமனையின் ஒரு பகுதியைக் கைப்பற்றி, போதையிலிருந்து விடுபடச் சிகிச்சை தரும் மையத்தைத் தாங்களே தொடங்கினார்கள். பிளாக் பாந்தர்களும் அதில் இணைந்து உழைத்தார்கள். மருத்துவமும் அரசியல் வகுப்பும் அங்கே ஒன்றாக நடந்தன. 1978இல் நகர நிர்வாகம் அவர்களை வெளியேற்றும்வரை அது இயங்கியது. போதையைக் கண்டித்துத் துண்டறிக்கை கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. வாந்தி எடுப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

நாம் மருத்துவமனையைக் கைப்பற்ற வேண்டியதில்லை. இருக்கிற மருத்துவமனைக்கு ஆளை அழைத்துப் போனால் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இந்தச் சிகிச்சை உண்டு. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு தோழர்கள் துணைக்கு இருக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வாரக் கூலியை அமைப்பின் நிதியிலிருந்து கொடுக்கலாம். சுவரொட்டிக்கு ஆகும் செலவைவிட அது அதிகமாகாது. 14446 என்ற போதைமீட்பு உதவி எண்ணையும் 14416 என்ற டெலி மானஸ் மனநல எண்ணையும் காலனிச் சுவர்களில் எழுதலாம். குடியை விட்டவர் வருகிற கூட்டத்துக்குப் பின்னால் டீ குடித்துக் கலையலாம். விட்ட முதல் மூன்று மாதம் தினமும் மாலை ஏழு மணிக்கு அவருக்கு ஒருவர் போன் செய்யலாம்.

அரசிடமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மது வருவாயில் ஒரு நிலையான பங்கு சிகிச்சைக்குப் போக வேண்டும். வட்ட மருத்துவமனைகளில் படுக்கைகள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தும் பயிற்சி பெற்ற ஆட்களும், சிகிச்சை நாட்களுக்குக் கூலி இழப்பீடு வேண்டும். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று எழுதத் தெரிந்த அரசு, ‘தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, மருத்துவரைப் பாருங்கள்’ என்று ஒவ்வொரு கடை வாசலிலும் எழுத வேண்டும். டாஸ்மாக்கை மூடு என்று கேட்கும் நாம், மூடினால் அடுத்த நாள் காலை நடுங்கப்போகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இல்லையென்றால் 2020 மார்ச்சை மறுபடி ஒருமுறை கேட்கிறோம் என்றுதான் பொருள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தியின் தம்பிக்கு இப்போது நாற்பது வயதிருக்கும். ஆடி மாதம் கயிறு கட்டப்போவதாகச் சொன்னார். ‘நல்லது மாமா’ என்று சொல்லவில்லை. தினமும் எவ்வளவு, காலையில் கை நடுங்குமா, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். இந்தத் திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போகிறோம். பாயை நான் எடுத்துப் போகிறேன்.